என்எல்பி டார்கெட் எல்லாம் பச்சை, ஆனா நாலுல ஒரு கனெக்‌ஷன் விழுது: எங்க தேடணும்

கேள்வி சுருக்கமா இதுதான். அமேசானோட கிளவுடான ஏடபிள்யூஎஸ்ல, மும்பை ரீஜன்ல ரெண்டு ஸோன்ல ஒரு இன்டர்னல் நெட்வொர்க் லோட் பேலன்சர், அதாவது வர்ற ட்ராஃபிக்கை பல மெஷினுக்கு பிரிச்சு விடுற என்எல்பி. பின்னாடி டார்கெட்டா நாலு ஈசி2 மெஷின் (கிளவுட் சர்வர்), ஸோனுக்கு ரெண்டு, எல்லாத்துலயும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் 443 போர்ட்ல ஓடுது, டார்கெட் டைப் இன்ஸ்டன்ஸ். கன்சோல்ல நாலும் ஹெல்தி. ஆனா அந்த நாலு மெஷின்லயே ஓடுற ஒரு பேக்கிரவுண்ட் ஜாப் அதே என்எல்பி பேரை வச்சு ஏபிஐ-யை கூப்பிட்டா நாலு தடவைக்கு ஒரு தடவை போல டைம்அவுட் ஆகுது. இன்னொரு பக்கம், பியரிங் பண்ணி இணைச்ச வேற விபிசில (தனி ப்ரைவேட் நெட்வொர்க்) இருக்கிற ரிப்போர்ட்டிங் சர்வருக்கு டைம்அவுட் வர்றதில்ல, ஆனா கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு அடுத்த குவெரி அனுப்பினா கனெக்‌ஷன் ரீசெட்னு வந்து நிக்குது. டீம்ல என்எல்பியை தூக்கிட்டு ஏஎல்பி (அப்ளிகேஷன் லோட் பேலன்சர்) போட்டுடலாம்னு பேச்சு ஓடுது, போடலாமா?

வேண்டாம், அவசரப்படாதீங்க. உங்களுக்கு இருக்கிறது ஒரே பிரச்சனை இல்ல, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு பிரச்சனை ஒரே நேரத்துல தெரியுது, ரெண்டுக்கும் என்எல்பி ரிப்பேர் ஆனது காரணம் இல்ல. என்எல்பி டிசைன்படி எப்படி நடந்துக்கணுமோ அப்படித்தான் நடந்துக்குது, அந்த டிசைன் தெரியாம நாம அதை சாதாரண ப்ராக்ஸின்னு நினைச்சு யூஸ் பண்றதுலதான் சிக்கல் வருது.

முதல்ல ஒரு பழக்கம் வேணும். "கனெக்‌ஷன் ஆகல"ன்னு டிக்கெட் வந்தா எப்படி ஆகலன்னு கேளுங்க, ஏன்னா அது மூணு விதம். ஒண்ணு, பதிலே வராம அமைதியா இருந்து கடைசில டைம்அவுட் ஆகுறது, இதுல பாக்கெட் எங்கயோ கீழ போடப்படுது, செக்யூரிட்டி குரூப்போ (மெஷினோட ஃபயர்வால் ரூல்) நெட்வொர்க் ஏசிஎல்லோ (சப்நெட்டோட ஃபயர்வால் ரூல்) ரூட்டோ இல்ல டார்கெட்டோட கெர்னலோ அதை தூக்கிப்போடுது. ரெண்டாவது, உடனே ரெஃப்யூஸ்டுன்னு வர்றது, அதுல பாக்கெட் போய் சேர்ந்துடுச்சு, அங்க அந்த போர்ட்ல கேக்க ஆள் இல்ல. மூணாவது, கனெக்‌ஷன் ஆகி நடுவுல ரீசெட் வர்றது, இதுல யாரோ ஒருத்தர் வேணும்னே ரீசெட் பாக்கெட் அனுப்பியிருக்காங்க, அனுப்பினது யாருன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சது. இந்த மூணையும் ஒரே பெட்டில போட்டு தேடினா மூணு நாள் ஆனாலும் கிடைக்காது. உங்க ஜாப்புக்கு வர்றது முதல் வகை, ரிப்போர்ட்டிங் சர்வருக்கு வர்றது மூணாவது வகை. அதனாலதான் ரெண்டும் வேற வேறன்னு அடிச்சு சொல்றேன்.

அடுத்தது என்எல்பி உள்ள என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கணும், இதை விட்டுட்டு மேல போகவே முடியாது. ஏஎல்பி மாதிரி கிளையன்ட் கிட்ட ஒரு கனெக்‌ஷன் முடிச்சுட்டு டார்கெட் கிட்ட தனியா இன்னொரு கனெக்‌ஷன் திறக்கிற வேலை என்எல்பியோட டிசிபி லிசனர்ல இல்ல. அது லேயர் 4, அதாவது ஐபியையும் போர்ட்டையும் மட்டும் பார்க்கிற மட்டம். வர்ற பாக்கெட்டோட ஐபி, போர்ட்டை வச்சு ஒரு கணக்கு (ஃப்ளோ ஹேஷ்) போட்டு ஒரு டார்கெட்டை தேர்ந்தெடுத்து அங்க தள்ளி விடுது. கிளையன்ட் ஐபி ப்ரிசர்வேஷன் ஆன்ல இருந்தா, தபால் கவர் மேல பெறுநர் முகவரியை மட்டும் அடிச்சு திருத்திட்டு அனுப்புநர் முகவரியை அப்படியே விட்டுடுற மாதிரிதான், டெஸ்டினேஷன் மட்டும் மாறுது, சோர்ஸ் மாறுறதில்ல. இன்ஸ்டன்ஸ் டைப் டார்கெட் குரூப்புக்கு இது டிஃபால்ட்டா ஆன். ஐபி டைப்னா டிசிபி, டிஎல்எஸ்-க்கு டிஃபால்ட்டா ஆஃப், யூடிபிக்கு எப்பவும் ஆன், அதை ஆஃப் பண்ணவே முடியாது. நான் இதுவரைக்கும் பார்த்த என்எல்பி புகார்கள்ல பெரும்பாலானது ஒரே கேள்வில வந்து முடியும்: டார்கெட் மெஷின் கண்ணுக்கு இந்த பாக்கெட் யார்கிட்ட இருந்து வந்ததா தெரியுது? இந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு இடத்துலயும் கேட்டுக்கிட்டே போங்க.

இப்ப உங்க ஜாப்புக்கு அந்த கேள்வியை போடுவோம். ஜாப் ஓடுற மெஷினோட ஐபி 10.0.1.5னு வச்சுக்குங்க. அது என்எல்பிக்கு சின் பாக்கெட் (தொடர்பு கேக்கிற முதல் பாக்கெட்) அனுப்புது, என்எல்பி நாலு டார்கெட்ல ஒண்ணை எடுக்குது, எடுத்தது அதே 10.0.1.5-ஆவே இருந்தா என்ன ஆகும்? அந்த மெஷின் வாசலுக்கு ஒரு பாக்கெட் வருது, சோர்ஸ் 10.0.1.5, டெஸ்டினேஷனும் 10.0.1.5. வெளில இருந்து தன்னோட சொந்த ஐபியையே சோர்ஸா போட்டுக்கிட்டு வர்ற பாக்கெட்டை லினக்ஸ் ஏத்துக்காது, ஒருவேளை ஏத்துக்கிட்டாலும் பதில் லூப்பேக் வழியா தனக்குத்தானே போகுமே தவிர என்எல்பி பக்கம் திரும்பாது. ரெண்டு வகைலயும் ஹேண்ட்ஷேக் முடியாது, ஜாப் பாட்டுக்கு சின் மேல சின் அனுப்பிட்டு கடைசில டைம்அவுட். இதை ஹேர்பின்னிங்னு சொல்லுவாங்க, ஏடபிள்யூஎஸ் டாக்குமென்ட்லயே இது சப்போர்ட் இல்லன்னு தெளிவா எழுதியிருக்கு, ரிக்வெஸ்ட் வேற மெஷினுக்கு போனா மட்டும்தான் வேலை செய்யும்.

நீங்க சொன்ன "நாலுல ஒண்ணு" கணக்கு இதோட அப்படியே பொருந்துது, அதை கொஞ்சம் பிரிச்சு பார்க்கலாம், ஏன்னா தோல்வி விகிதமே பல சமயம் காரணத்தை சொல்லிடும். என்எல்பில க்ராஸ் ஸோன், அதாவது ஒரு ஸோனுக்கு வந்ததை அடுத்த ஸோன் மெஷினுக்கும் அனுப்புறது, டிஃபால்ட்டா ஆஃப். டிஎன்எஸ் ரெண்டு ஸோனோட ஐபியையும் குடுக்கும், பாதி கனெக்‌ஷன் உங்க சொந்த ஸோனுக்கு போகும், அங்க இருக்கிற ரெண்டு மெஷின்ல ஒண்ணு நீங்களே, அதனால பாதில பாதி, கால் பங்கு தோல்வி. க்ராஸ் ஸோன் ஆன்ல இருந்தா எந்த ஐபிக்கு போனாலும் நாலுல ஒண்ணு நீங்க, அப்பவும் கால் பங்குதான். ரெண்டுலயும் மொத்த விகிதம் ஒண்ணுதான், ஆனா டெஸ்ட் பண்ணா வித்தியாசம் தெரியும். டிக் கமாண்ட் போட்டு என்எல்பி பேருக்கு வர்ற ரெண்டு ஐபியையும் எடுத்துக்குங்க, ஒரு மெஷின்ல உக்காந்து ஒவ்வொரு ஐபிக்கும் தனித்தனியா நெட்கேட்ல ஒரு அம்பது தடவை லூப்ல அடிங்க. க்ராஸ் ஸோன் ஆஃப்னா, சொந்த ஸோன் ஐபிக்கு பாதி விழும், அடுத்த ஸோன் ஐபிக்கு ஒண்ணு கூட விழாது. இது வந்துச்சுன்னா வேற எதையும் தேட வேண்டாம், ஹேர்பின்தான். கூடவே டார்கெட்டா இல்லாத ஒரு அஞ்சாவது மெஷின்ல இருந்தும் அதே லூப் ஓட்டுங்க, அங்க எல்லாமே பாஸ் ஆகணும்.

இன்னொரு விஷயம், டிஎன்எஸ்-க்கு அவைலபிலிட்டி ஸோன் அஃபினிட்டின்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை யாராவது லேட்டன்சி குறையும்னு முழுசா ஆன் பண்ணி வச்சா கிளையன்டுக்கு சொந்த ஸோன் ஐபி மட்டும்தான் கிடைக்கும், அப்ப க்ராஸ் ஸோன் ஆஃப்ல இருந்தா உங்க கால் பங்கு தோல்வி அரை பங்கா ஆயிடும். யாரோ வேகமாக்க பண்ணின மாற்றத்துக்கு அப்புறம் திடீர்னு எரர் ரெட்டிப்பாச்சுன்னா இதையும் பாருங்க.

சரி, எப்படி சரி பண்றது. சுலபமான வழி, ஜாப்பும் ஏபிஐயும் ஒரே மெஷின்ல இருக்கும்போது லோட் பேலன்சர் வழியா சுத்தி வரணுமான்னு யோசிக்கிறது. லோக்கல்ஹோஸ்டுக்கே போகலாம்னா போயிடுங்க, சர்டிஃபிகேட் பேர் ஒத்துப்போகணும்னா ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல அந்த பேரை 127.0.0.1-க்கு மாத்தி வைக்கலாம், ஆனா லோக்கல் என்ஜின்எக்ஸ் விழுந்தா ஜாப்பும் சேர்ந்து விழும், அது உங்களுக்கு பரவாயில்லையான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ரெண்டாவது வழி, ஜாப்பை டார்கெட்டா இல்லாத வேற மெஷினுக்கு தூக்கிட்டு போறது, எனக்கு கேட்டா இதுதான் சுத்தமான வழி, ஜாப் சிபியூவை சாப்பிட்டு ஏபிஐயை மெதுவாக்குற வேலையும் சேர்ந்து நிக்கும். மூணாவது, டார்கெட் குரூப்ல கிளையன்ட் ஐபி ப்ரிசர்வேஷனை ஆஃப் பண்றது. ஆஃப் பண்ணா என்எல்பி தன்னோட ப்ரைவேட் ஐபியை சோர்ஸா போட்டு அனுப்பும், ஒரு மெஷின் தனக்கே பேசினாலும் சோர்ஸ் வேற, டெஸ்டினேஷன் வேற, ஹேண்ட்ஷேக் முடிஞ்சுடும். இந்த மாற்றம் புது கனெக்‌ஷனுக்கு மட்டும்தான் பொருந்தும், ஏற்கனவே திறந்து கிடக்கிறது பழைய மாதிரியே ஓடும், அதனால மாத்தின அடுத்த நிமிஷமே பார்த்துட்டு மாறலன்னு சொல்லாதீங்க.

குபர்னெட்டிஸ்ல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இதே கதை ஏடபிள்யூஎஸ்ஸோட குபர்னெட்டிஸ் சேவையான ஈகேஎஸ்லயும் வரும், அங்க பாட் ஐபி வேற, நோட் ஐபி வேறன்னு நினைச்சு ஏமாந்துடுவாங்க, இன்ஸ்டன்ஸ் டைப் டார்கெட்னா ஒரே நோட்ல இருக்கிற ரெண்டு பாட் என்எல்பி வழியா பேசினாலும் மாட்டும், பாட் ஐபி வேற வேறயா இருந்தாலும் சரி. க்ளஸ்டருக்கு உள்ள இருந்து உள்ளயே பேச க்ளஸ்டர் ஐபி சர்வீஸ் பேர் இருக்கு, அதை விட்டுட்டு வெளி பேரை கான்ஃபிக்ல போடுறதுலதான் இது ஆரம்பிக்குது. அப்புறம் எக்ஸ்டர்னல் ட்ராஃபிக் பாலிசி லோக்கல்னு வச்சிருந்தா பாட் இல்லாத நோட் எல்லாம் அன்ஹெல்தின்னு சிவப்பா காட்டும், அது சரியான நடத்தைதான், அதை பச்சையாக்கணும்னு போராட வேண்டாம். அஷ்யூர்ல இன்டர்னல் லோட் பேலன்சருக்கும் பேக்கெண்ட் மெஷினே தன் முன்வாசல் ஐபியை கூப்பிட்டு அது தனக்கே திரும்பினா விழும், அதனால கிளவுட் மாறினா தப்பிச்சுடலாம்னும் நினைக்காதீங்க.

ப்ரிசர்வேஷனை ஆஃப் பண்றதுன்னு முடிவு பண்ணா அதோட சேர்ந்து சில விஷயம் மாறும், அதை பார்க்காம பண்ணிட்டு அடுத்த வாரம் வேற டிக்கெட் திறக்க வேண்டி வரும். ஒண்ணு, டார்கெட்டோட செக்யூரிட்டி குரூப் இதுவரைக்கும் கிளையன்ட் ஐபி ரேஞ்சை அனுமதிச்சிருக்கும், இனி என்எல்பியோட ப்ரைவேட் ஐபி வர்ற சப்நெட்டை அனுமதிக்கணும். ஹெல்த் செக் ஏற்கனவே அங்க இருந்துதான் வருது, அதனால பெரும்பாலும் அந்த ரூல் இருக்கும், இருந்தாலும் பார்த்துடுங்க. ரெண்டு, போர்ட் கணக்கு. ஆஃப்ல இருக்கும்போது ஒரு டார்கெட்டுக்கு, அதாவது ஒரு ஐபி ஒரு போர்ட் ஜோடிக்கு, ஒரே நேரத்துல 55,000 கனெக்‌ஷன் இல்ல நிமிஷத்துக்கு சுமார் 55,000 வரைக்கும்தான் தாங்கும், அதுக்கு மேல போனா போர்ட் அலொகேஷன் எரர் வந்து புது கனெக்‌ஷன் விழும். நாலு டார்கெட்டுக்கு 2,20,000, உங்க ட்ராஃபிக்குக்கு தாராளம், ஆனா திறந்ததையே திரும்ப யூஸ் பண்ணாம ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புது கனெக்‌ஷன் திறக்கிற கிளையன்ட் நிறைய இருந்தா நினைச்சதை விட சீக்கிரம் தொடுவீங்க. ஏடபிள்யூஎஸ்ஸோட கண்காணிப்பு சேவையான க்ளவுட்வாட்ச்ல போர்ட் அலொகேஷன் எரர் கவுண்ட்னு ஒரு மெட்ரிக் இருக்கு, அது பூஜ்யத்தை தாண்டினா உடனே சத்தம் போடுற மாதிரி ஒரு அலாரம் வச்சிடுங்க. மூணு, என்ஜின்எக்ஸ் லாக்ல எல்லாமே என்எல்பி ஐபியா தெரியும், ஆடிட்டுக்கோ ரேட் லிமிட்டுக்கோ நிஜ ஐபி வேணும்னா ப்ராக்ஸி ப்ரோட்டோகால் (கிளையன்ட் ஐபியை ஒரு ஹெட்டர்ல சேர்த்து அனுப்புறது) ஆன் பண்ணணும், அதை கடைசில சொல்றேன்.

இப்ப ரிப்போர்ட்டிங் சர்வரோட ரீசெட்டுக்கு வருவோம். இங்கயும் யூகம் பண்ணாதீங்க, என்எல்பி மூணு தனித்தனி மெட்ரிக் குடுக்குது: கிளையன்ட் அனுப்பின ரீசெட் எத்தனை, டார்கெட் அனுப்பினது எத்தனை, லோட் பேலன்சரே அனுப்பினது எத்தனைன்னு. டார்கெட் கணக்கு ஏறினா உங்க அப்ளிகேஷனையோ ஓஎஸ்ஸையோ பாருங்க, கிளையன்ட் கணக்கு ஏறினா எதிர்ப்பக்கம் பொறுமை இழந்து வெட்டி விடுறாங்க. லோட் பேலன்சர் கணக்கு ஏறினா ரெண்டு பெரிய காரணம்: டார்கெட் அன்ஹெல்தி ஆகும்போது அதோட இருந்த ஃப்ளோக்களை வெட்டுறது, இல்ல ஐடில் டைம்அவுட் முடிஞ்ச ஃப்ளோல யாரோ டேட்டா அனுப்புறது. அன்ஹெல்தி கவுண்ட் ஏறுற அதே நேரத்துல ரீசெட்டும் ஏறினா முதல் காரணம், அன்ஹெல்தி கவுண்ட் அசையாம இருக்க ரீசெட் மட்டும் சொட்டிக்கிட்டே இருந்தா ரெண்டாவது. நீங்க சொல்ற "கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு" அப்படிங்கிற வார்த்தையே எனக்கு ரெண்டாவதுதான்னு சொல்லுது.

என்எல்பி டிசிபி ஐடில் டைம்அவுட் 350 செகண்ட், ஆறு நிமிஷத்துக்கு பத்து செகண்ட் கம்மி. அந்த நேரம் ரெண்டு பக்கமும் பேசாம இருந்தா என்எல்பி தன் ஃப்ளோ டேபிள்ல இருந்து அதை எடுத்துடும், எடுத்ததை யார்கிட்டயும் சொல்லாது. கிளையன்ட் பக்கம் சாக்கெட் இன்னும் எஸ்டாப்ளிஷ்டுன்னே காட்டும், சர்வர் பக்கமும் அப்படியே காட்டும், நடுவுல மட்டும் பாலம் இல்ல. அடுத்து யார் முதல்ல டேட்டா அனுப்புறாங்களோ அவங்களுக்கு ரீசெட். கனெக்‌ஷன் பூல் வச்சிருக்கிற அப்ளிகேஷன்ல இது கொடுமையா இருக்கும், பகல்ல ட்ராஃபிக் இருக்கும்போது ஒண்ணும் தெரியாது, சாப்பாட்டு நேரம் முடிஞ்சு வர்ற முதல் ஆளுக்கும் ராத்திரி ரிப்போர்ட்டுக்கும் மட்டும் எரர் வரும், ரெண்டாவது தடவை ட்ரை பண்ணா சரியாயிடும், அதனால யாரும் சீரியஸா எடுத்துக்காம மாசக்கணக்குல ஓட்டிடுவாங்க.

லினக்ஸ்ல கீப்அலைவ், அதாவது சும்மா இருக்கும்போதும் உயிரோட இருக்கேன்னு காட்ட அனுப்புற சின்ன பாக்கெட், இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா டிஃபால்ட்டா முதல் கீப்அலைவ் பாக்கெட் போறதுக்கு 7200 செகண்ட் ஆகும், ரெண்டு மணி நேரம், 350 செகண்ட்ல செத்துப்போற ஃப்ளோவுக்கு அது எதுக்கும் உதவாது. அதுவும் அப்ளிகேஷன் சாக்கெட்ல கீப்அலைவை கேட்டு வாங்கியிருந்தாத்தான் அந்த ரெண்டு மணி நேரமே. அதனால கிளையன்ட் மெஷின்ல சிஸ்கண்ட்ரோல்ல டிசிபி கீப்அலைவ் டைமை 200 இல்ல 240 செகண்டுக்கு கொண்டு வாங்க, கிளையன்ட் லைப்ரரில கீப்அலைவ் ஆன்ல இருக்கான்னு உறுதி பண்ணுங்க. டிசிபி லிசனர்ல கீப்அலைவ் பாக்கெட் போனாலே என்எல்பி கடிகாரத்தை திரும்ப பூஜ்யத்துல இருந்து எண்ணும். பூல் லைப்ரரில ஐடில் கனெக்‌ஷனை எவ்வளவு நேரம் வச்சுக்கணும்னு ஒரு செட்டிங் இருக்கும், அதை 300 செகண்டுக்கு கீழ வச்சா இன்னும் நல்லது, செத்த கனெக்‌ஷனை உயிர் இருக்குன்னு நம்பி எடுத்து குடுக்கிறது குறையும்.

2024 செப்டம்பர்ல இருந்து டிசிபி லிசனர்ல இந்த ஐடில் டைம்அவுட்டை 60 செகண்ட்ல இருந்து 6000 செகண்ட் வரைக்கும் மாத்திக்கலாம், அதுக்கு முன்னாடி 350-தான் விதி. டிஎல்எஸ் லிசனர்ல இன்னும் 350-தான், மாத்த முடியாது. சில பேர் இதை கேட்டதும் நேரா 6000-க்கு தள்ளிடுவாங்க, நான் அதை சொல்ல மாட்டேன். கிளையன்ட் மெஷினுக்கும் என்எல்பிக்கும் நடுவுல நாட் கேட்வே (பல மெஷினை ஒரே ஐபியா வெளில காட்டுறது) ஏதாவது இருந்தா அதுக்கும் 350 செகண்ட் ஐடில் டைம்அவுட் இருக்கு, ஆஃபீஸ் ஃபயர்வால் இருந்தா அதுக்கு இன்னும் கம்மியா கூட இருக்கும், ஒரு இடத்துல ஏத்திட்டா சிக்கல் அடுத்த இடத்துக்கு நகருது அவ்வளவுதான். கீப்அலைவ்தான் வழி நெடுக இருக்கிற எல்லாரையும் முழிச்சிருக்க வைக்கும்.

இந்த ரெண்டும் உங்க கேள்விக்கு நேரடி பதில். ஆனா "டார்கெட் எல்லாம் பச்சை"ன்னு நீங்க அழுத்தி சொன்னதுல எனக்கு கொஞ்சம் கவலை இருக்கு, அந்த பச்சையை அவ்வளவு நம்பாதீங்க. டிசிபி ஹெல்த் செக்னா ஹேண்ட்ஷேக் முடிஞ்சா பாஸ். ஹேண்ட்ஷேக்கை முடிக்கிறது உங்க அப்ளிகேஷன் இல்ல, கெர்னல். அப்ளிகேஷன் த்ரெட் எல்லாம் மாட்டிக்கிட்டு ஒரு ரிக்வெஸ்டுக்கும் பதில் சொல்லாம தொங்கினாலும் லிசன் சாக்கெட் திறந்திருக்கிற வரைக்கும் கெர்னல் கை குலுக்கிக்கிட்டே இருக்கும், கன்சோல்ல பச்சையே காட்டும். அதனால எச்டிடிபி இல்ல எச்டிடிபிஎஸ் ஹெல்த் செக்குக்கு மாத்தி, நிஜமா வேலை செய்யுதான்னு பார்க்கிற ஒரு சின்ன பாத்தை குடுங்க. இன்னொண்ணு, இயக்கத்துல இருக்கிற எல்லா ஸோன்லயும் எல்லா டார்கெட்டும் அன்ஹெல்தி ஆயிட்டா என்எல்பி கதவை மூடாது, ஃபெயில் ஓப்பன்னு எல்லா டார்கெட்டுக்கும் ட்ராஃபிக்கை அனுப்பும். ஹெல்த் செக் மொத்தமா சிவப்பு, ஆனா சைட் பாதி ஓடுதுன்னு குழம்புறவங்க இதை தெரிஞ்சுக்கணும்.

பச்சையா இருந்தும் வெளில இருந்து வர்ற கிளையன்டுக்கு மட்டும் முழுசா டைம்அவுட் ஆகுறது ரொம்ப சாதாரணமா நடக்கிற கேஸ், உங்களுக்கு இல்ல, ஆனா படிக்கிற வேற யாருக்காவது இருக்கும். அந்த பழைய கேள்வியையே போடுங்க, டார்கெட் கண்ணுக்கு யாரு? ஹெல்த் செக் வர்றது என்எல்பியோட ப்ரைவேட் ஐபில இருந்து, அது விபிசி ரேஞ்சுக்குள்ள, செக்யூரிட்டி குரூப் அனுமதிக்குது, பச்சை. நிஜ கிளையன்ட் வர்றது தன்னோட சொந்த ஐபில, அது விபிசி ரேஞ்ச்ல இல்ல, செக்யூரிட்டி குரூப் சத்தமில்லாம கீழ போடுது. நெட்வொர்க் ஏசிஎல்லும் இதே மாதிரி, அதுல இன்னொரு வலி, அது ஸ்டேட் வச்சுக்காது, உள்ள வர 443-ஐ திறந்துட்டு வெளில போற பதிலுக்கு 1024ல இருந்து 65535 வரைக்கும் திறக்க மறந்திருப்பாங்க. விபிசி ஃப்ளோ லாக்ல டார்கெட்டோட நெட்வொர்க் இன்டர்ஃபேஸை பாருங்க, உள்ள வர்றது அக்செப்ட், பதில் ரிஜெக்ட்னு இருந்தா ஏசிஎல், உள்ள வரும்போதே ரிஜெக்ட்னா செக்யூரிட்டி குரூப்போ உள்வரும் ஏசிஎல்லோ. பிங் அடிச்சு பார்த்துட்டு முடிவு எடுக்காதீங்க, ஐசிஎம்பிக்கு தனி ரூல், அது போறதும் போகாததும் உங்க 443 போர்ட்டை பத்தி ஒண்ணும் சொல்லாது.

லோட் அதிகமான நேரத்துல மட்டும் டைம்அவுட் வந்தா டார்கெட் மெஷினுக்குள்ள பாருங்க. லிசன் க்யூ, அதாவது அப்ளிகேஷன் ஏத்துக்க காத்திருக்கிற வரிசை, நிரம்பினா லினக்ஸ் டிஃபால்ட்டா ரீசெட் கூட அனுப்பாது, பேசாம கீழ போட்டுடும், கிளையன்டுக்கு அது நெட்வொர்க் பிரச்சனை மாதிரியே தெரியும். அந்த வரிசைல என்ஜின்எக்ஸ் லினக்ஸ்ல டிஃபால்ட்டா 511 இடம் கேக்கும், ஆனா கெர்னல் வைக்கிற உச்ச வரம்பான சோமேக்ஸ்கான் 5.4க்கு முன்னாடி 128-தான், சின்னது எதுவோ அதுதான் நிக்கும், 5.4ல இருந்து அது 4096 ஆச்சு. என்ஸ்டாட்ல லிசன் ஓவர்ஃப்ளோ கவுண்டர் ஏறுதான்னு பாருங்க. அதே மாதிரி ஈத்டூல்ல கான்ட்ராக் அலவன்ஸ் எக்ஸீடட்னு ஒரு கவுண்டர் இருக்கு, செக்யூரிட்டி குரூப் கனெக்‌ஷன் ட்ராக் பண்றதுக்கு ஒவ்வொரு இன்ஸ்டன்ஸ் சைஸுக்கும் ஒரு எல்லை உண்டு, அதை தாண்டினா புது பாக்கெட்டை தூக்கிப்போடும், சின்ன மெஷின்ல நிறைய கனெக்‌ஷன் வாங்குறவங்களுக்கு இது அடிக்கடி வரும், க்ளவுட்வாட்ச்ல தானா தெரியாது.

இன்னும் ஒரு நுணுக்கமான கேஸ், எனக்கு ரொம்ப பிடிச்ச கேஸ். எதுவும் மொத்தமா விழாது, ஆனா சில கனெக்‌ஷன் மட்டும் சரியா ஒரு செகண்ட் இல்ல மூணு செகண்ட் லேட்டா திறக்கும். இந்த எண்களை பார்த்தாலே சின் பாக்கெட் ஒரு தடவை இல்ல ரெண்டு தடவை காணாம போய் திரும்ப அனுப்பப்பட்டிருக்குன்னு அர்த்தம், ஏன்னா முதல் ரீட்ரை ஒரு செகண்ட்ல, அடுத்தது அதுக்கு ரெண்டு செகண்ட் கழிச்சு, 6.5க்கு முந்தின லினக்ஸ் கெர்னல் எல்லாம் இப்படித்தான். கிளையன்ட் ஐபி ப்ரிசர்வேஷனும் க்ராஸ் ஸோனும் ரெண்டும் ஆன்ல இருக்கும்போது ஒரு கிளையன்ட் ஒரே சோர்ஸ் போர்ட்டை வச்சு என்எல்பியோட ரெண்டு ஸோன் ஐபிக்கும் கனெக்ட் பண்ணுதுன்னு வச்சுக்குங்க, கிளையன்ட் பக்கத்துல அது சட்டப்படி சரி, டெஸ்டினேஷன் ஐபி வேற வேற. ஆனா ரெண்டும் போய் ஒரே டார்கெட்ல விழுந்தா, அங்க சோர்ஸ் ஐபி அதே, சோர்ஸ் போர்ட் அதே, டெஸ்டினேஷனும் அதே, டார்கெட் கெர்னலுக்கு இது ஏற்கனவே இருக்கிற கனெக்‌ஷனோட டூப்ளிகேட்டா தெரியுது, ஒழுங்கா பதில் சொல்லாது. நிறைய பேர் ஒரே நாட் கேட்வேக்கு பின்னாடி இருந்து வர்ற இடத்துல இது கூடும். க்ராஸ் ஸோனை ஆஃப் பண்ணலாம், இல்ல ப்ரிசர்வேஷனை ஆஃப் பண்ணலாம், ஏதாவது ஒண்ணு போதும்.

ஏஎல்பிக்கு மாறுறதை பத்தி. மாறினா ஹேர்பின் பிரச்சனை போயிடும், அது உண்மை, ஏன்னா ஏஎல்பி கனெக்‌ஷனை தானே முடிச்சு புதுசா திறக்குது. ஆனா ஏஎல்பியோட ஐடில் டைம்அவுட் டிஃபால்ட்டா 60 செகண்ட், உங்க ரிப்போர்ட்டிங் சர்வரோட தொடர்பு கிட்டத்தட்ட ஆறு நிமிஷம் சும்மா இருந்தா அறுந்தது, இனி ஒரு நிமிஷம் சும்மா இருந்தாலே அறுந்துடும், டிசிபி கீப்அலைவ் பாக்கெட்டை ஏஎல்பி ட்ராஃபிக்கா எண்ணாதுங்கிறதால அந்த வழியும் அங்க செல்லாது. ஸோனுக்கு ஒரு நிலையான ஐபின்னு என்எல்பி குடுக்கிறதும் அங்க கிடைக்காது, பியரிங் பக்கம் யாராவது ஐபி வச்சு ஃபயர்வால் திறந்திருந்தா எல்லாரையும் கூப்பிட்டு பேச வேண்டி வரும். பாத் வச்சு ரூட் பண்ணணும், வாஃப் (வெப் ஃபயர்வால்) வேணும்னா ஏஎல்பி சரியான முடிவு. இந்த ரெண்டு எரருக்காக மட்டும்னா தேவையில்லாத வேலை.

கடைசியா, ப்ரிசர்வேஷன் ஆஃப் பண்ணிட்டு ப்ராக்ஸி ப்ரோட்டோகால் போடுறதா இருந்தா மாத்துற வரிசை முக்கியம். என்எல்பி பேசுறது வெர்ஷன் 2, பைனரி ஹெட்டர், கனெக்‌ஷன் தொடங்கினதும் டேட்டாவுக்கு முன்னாடி வரும். என்எல்பி பக்கம் ஆன் பண்ணிட்டு என்ஜின்எக்ஸ்ல விட்டா டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்லயே உடையும், என்ஜின்எக்ஸ்ல போட்டுட்டு என்எல்பில விட்டா எரர் லாக்ல ப்ரோக்கன் ஹெட்டர்னு கொட்டும். ஹெல்த் செக் கனெக்‌ஷன்லயும் அந்த ஹெட்டர் வரும், அதனால ஓடிக்கிட்டிருக்கிற 443-ல கை வைக்காதீங்க. என்ஜின்எக்ஸ்ல 8443-னு இன்னொரு போர்ட்டை ப்ராக்ஸி ப்ரோட்டோகாலோட திறங்க, ரியல் ஐபி மாட்யூல்ல என்எல்பி சப்நெட்டை மட்டும் நம்புற மாதிரி போடுங்க, வேற யாரும் போலி ஹெட்டர் அனுப்பி ஐபியை ஏமாத்தக்கூடாது. 8443-க்கு புது டார்கெட் குரூப், அதுல ப்ரிசர்வேஷன் ஆஃப், ப்ராக்ஸி ப்ரோட்டோகால் ஆன். செக்யூரிட்டி குரூப்ல என்எல்பி சப்நெட்டுக்கு 8443 திறங்க. புது டார்கெட் குரூப் லிசனரோட சேராத வரைக்கும் ஹெல்த் செக் ஓடாது, அன்யூஸ்டுன்னுதான் காட்டும், அதனால அதே என்எல்பில 9443-ன்னு ஒரு தற்காலிக லிசனர் வச்சு அதுல கோர்த்து, நாலும் ஹெல்தி ஆனதும் டார்கெட் மெஷின்ல இருந்தே அந்த லூப்பை ஓட்டுங்க, ஒண்ணு கூட விழாம வந்து லாக்ல நிஜ ஐபி தெரியணும். அப்புறம்தான் 443 லிசனரை புது டார்கெட் குரூப்புக்கு திருப்பணும். பழைய டார்கெட் குரூப்பை ரெண்டு நாள் அழிக்காம வைங்க, ஏதாவது ஆச்சுன்னா லிசனரை திரும்ப அதுக்கு மாத்தினா போதும்.

இதுக்காக என்எல்பியையே புதுசா கட்டுற எண்ணம் இருந்தா, கட்டும்போதே அதுக்கு ஒரு செக்யூரிட்டி குரூப் சேர்த்துடுங்க. 2023 ஆகஸ்ட்ல இருந்துதான் என்எல்பிக்கு அந்த வசதி, ஒண்ணும் சேர்க்காம உருவாக்கின என்எல்பிக்கு பின்னாடி சேர்க்கவே முடியாது. சேர்த்து வச்சா டார்கெட் பக்கம் ஐபி ரேஞ்ச் எதுவும் எழுதாம அந்த குரூப்பையே சோர்ஸா குறிப்பிட்டுடலாம், ஹெல்த் செக்குக்கும் கிளையன்டுக்கும் அந்த ஒரே ரூல் போதும், ப்ரிசர்வேஷன் ஆன்ல இருந்தாலும் ஆஃப்ல இருந்தாலும்.